நாய்க்குப் பட்ட கடன்

காரில் ஏத்தின கொஞ்ச நேரத்துல நாய் உதட்டை நக்க ஆரம்பிக்கும். அப்புறம் கொட்டாவி, எச்சில், கடைசியில் சீட்டிலேயே வாந்தி. "நாய்க்குமா இதெல்லாம்?"னு கேக்கிறவங்க இருக்காங்க. நாய்க்கும்தாங்க! சொல்லப்போனா, நமக்குப் பயணத்துல ஏன் குமட்டுதுங்கிற கதையில பாதி நாயோட கதைதான்.

வயித்துக்கோளாறுன்னுதான் ரொம்ப நாளா பலரும் நினைச்சிருந்தாங்க. 1882ல அமெரிக்காவின் வில்லியம் ஜேம்ஸ் (ஹார்வர்டு பேராசிரியர், உளவியல்ல பெரிய கை) காது கேளாதவர்களைச் சுழற்றிப் பார்த்தார். அவங்கள்ல நிறையப் பேருக்குத் தலை சுத்தவே இல்லை. கொந்தளிக்கும் கடல்ல போனப்பவும் குமட்டலைன்னு அவங்கள்ல சிலர் சொன்னாங்க. காதுக்குள்ளே, கேட்கும் பகுதியை ஒட்டியே, உடம்பு எந்தப் பக்கம் சாயுதுன்னு கவனிக்கிற உறுப்பு ஒண்ணு இருக்கு. சந்தேகம் அதன் மேல விழுந்தது.

சரி, நிரூபிக்கணுமே? மனுஷன் காதைத் தோண்டிப் பார்க்க முடியாது. நாய் மாட்டிக்கிச்சு.

1931ல ஸ்வீடன்காரர் ஷோபெர்க் நாய்களை வச்சு ஆராய்ச்சி செஞ்சு, அந்த உள்காதுப் பகுதியை எடுத்துட்டா எவ்வளவு ஆட்டினாலும் வாந்தி வரலைன்னு காட்டினார். 1950கள்ல அமெரிக்காவில் வாங், சின் ரெண்டு பேரும் நாய்களை ஊஞ்சல்ல வச்சு ஆட்டினாங்க. உள்காது மட்டுமில்லை, சிறுமூளையில ஒரு சின்னப் பகுதியும் இதுக்கு அவசியம்னு தெரிஞ்சது. கப்பல்லயும் விமானத்துலயும் போற மனுஷனுக்காக இத்தனையும்.

மனுஷனுக்கு மாத்திரை 1940களின் கடைசியிலேயே வந்தாச்சு. நாய்க்கு? நம்ம மாத்திரையில ஒரு துண்டு, இல்லேன்னா மயக்கத்துல தூங்க வைக்கிற மருந்து. இதுதான் பல வருஷம்.

அதே 1931ல, இன்னொரு ஸ்வீடன்காரரான ஆய்லரும் பிரிட்டனின் கேடமும் 'சப்ஸ்டன்ஸ் பி'ங்கிற பொருளைப் பத்தி எழுதினாங்க. மூளையில வாந்தியைத் தூண்டிவிடுறதுல அதுக்கும் பங்கு உண்டுன்னு பின்னால தெரிஞ்சது. அதோட வேலையைத் தடுக்கிற மரோபிடன்ட், நாய்க்குன்னே அனுமதி வாங்கினது 2006ல ஐரோப்பாவில், 2007ல அமெரிக்காவில். ஷோபெர்க்குக்கு அப்புறம் முக்கால் நூற்றாண்டு!

அந்த மாத்திரையைக் கிளம்ப ரெண்டு மணி நேரம் முன்னாடியாவது கொடுக்கணும்; அளவை டாக்டர்தான் சொல்லணும். வாந்தியை நல்லா நிறுத்தும். ஆனா எச்சிலும் குமட்டலும் கொஞ்சம் மிஞ்சலாம். பயத்தை அது தொடவே தொடாது. கார்னாலே ஊசிதான்னு பழகின நாய்க்கு மாத்திரை மட்டும் போதாது. முதல்ல நிக்கிற கார்ல உட்கார வைங்க. அப்புறம் இஞ்சினை மட்டும் போடுங்க. அடுத்து தெருமுனை வரைக்கும், போய் இறங்குற இடம் அதுக்குப் பிடிச்ச மைதானமா இருக்கட்டும். வயிறு முட்டத் தின்னுட்டுக் கிளம்ப வேண்டாம். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விடுங்க. குட்டிகளுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். நிறைய குட்டிகளுக்கு வளர வளர சரியாயிடும்.

சீட்டை நாசம் பண்ணிடுச்சேன்னு மட்டும் அடிக்காதீங்க. அது திமிர் இல்லை, காது பண்ற வேலை. அதைக் கண்டுபிடிச்சுச் சொல்ல எத்தனையோ நாய்கள் காதைக் கொடுத்திருக்கு.