துணி நாப்பி: கொழும்பில் தெரிவும் பாவனையும்

துணி நாப்பி என்பது கைக்குழந்தையின் இடுப்பில் கட்டி, நனைந்ததும் கழற்றித் துவைத்துக் காயவைத்து மறுபடி கட்டும் துணி. யாழ்ப்பாணத்து ஆச்சிமாருக்கு அது பழஞ்சீலைத் துண்டு. கொழும்பில் நாப்பி, நப்கின் என்ற இரண்டு பேரும் புழங்குகின்றன. கட்டி எறிவதற்குப் ‘பம்பஸ்’ என்று பெயர். அமெரிக்காவின் புறொக்டர் அன்ட் கேம்பிள் நிறுவனம் 1961இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஒரு வணிகப்பெயர்தான் அது. இலங்கையில் எந்த நிறுவனத்தின் எறிநாப்பிக்கும் இப்போது அதுவே பெயர். இக்கட்டுரை புதுக்கடை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை வீடுகளை மனதில் வைத்துத் துணி நாப்பியைப் பற்றிப் பேசுகிறது. முற்றமும் கிணறும் வேலியும் உள்ள வளவில் இதில் பாதிச் சிக்கல் கிடையாது.

பழந்துணியின் காலம்

பிறந்த பிள்ளைக்கு முதலில் சுற்றுவது புதுத்துணியாக இருக்கக்கூடாது என்பது தமிழர் வீடுகளின் பழைய வழக்கம். தாத்தாவின் வேட்டி, அம்மம்மாவின் நூல்சீலை என்று பலமுறை வெளுத்த துணியைத்தான் கிழித்து எடுப்பார்கள். இதில் நல்ல காரணமும் இருக்கிறது. புதுப் பருத்தியில் நெசவுக் கஞ்சியும் பஞ்சின் இயற்கை மெழுகும் ஒட்டியிருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது மேலே உருண்டு நிற்கும். பழந்துணியில் அதே சொட்டு விழுந்த இடத்திலேயே பரவிவிடும். கடையில் வாங்கும் புது நாப்பியையும் ஐந்தாறு தடவை துவைத்துக் காயவைத்த பிறகே கட்டவேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

அந்தக் காலத்தில் அரைஞாண் கயிற்றில் கோவணம்போல் முன்னும் பின்னும் செருகிவிடுவார்கள். ஏணையில் கிடத்தும்போது அடியில் ஒரு மடிப்பு, அவ்வளவுதான். ஆனால் அந்தத் துணிகளைத் துவைத்தது யார்? யாழ்ப்பாணத்தில் பிள்ளைப்பேற்றுத் துடக்கு 31 நாள். அந்த நாட்களின் துணிகள் துணி வெளுக்கும் கட்டாடிமார் வீட்டுக்குப் போயின. சாதியால் சுமத்தப்பட்ட வேலை அது. அந்தக் கைகளை மறந்துவிட்டுப் பழந்துணியின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது. கொழும்பில் அந்த வேலை அம்மம்மாவிடமும் வீட்டுவேலைக்கு வந்த பெண்களிடமும் வந்து சேர்ந்தது.

பிறகு துவாய்த்துணிச் சதுரமும் சட்டைப்பின்னும் மேலே போடும் பிளாஸ்டிக் ஜங்கியும் வந்தன. வளையம் வைத்த அந்தப் பின்னுக்கு 1849இல் நியூயோர்க்கில் வோல்ற்றர் ஹன்ற் காப்புரிமை பெற்றார். 1879இல் தொடங்கிய டி சொய்சா மகளிர் வைத்தியசாலைக்கோ பொரளை காசல் வீதி வைத்தியசாலைக்கோ பிரசவத்துக்குப் போகும் தாயின் பையில் துவைத்து மடித்த நாப்பிகள் இருப்பது வெகுகாலம் வரை சாதாரணம். எறிநாப்பி மலிந்ததும் அந்த அடுக்கு மெலிந்தது. 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியபோது, இறக்குமதிப் பொருள்களோடு எறிநாப்பியின் விலையும் ஏறியது. அலுமாரி மூலையில் கிடந்த துணியைப் பலர் மறுபடி எடுத்தார்கள். ஆனால் அதே ஆண்டு மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. தொடர்மாடியில் மின்சாரம் இல்லையென்றால் பம்ப் ஓடாது, தாங்கியில் தண்ணீர் ஏறாது. துணி நாப்பி காசை மிச்சம் பிடிக்கும். அதற்குத் தண்ணீரும் வெயிலும் ஆள்பலமும் வேண்டும்.

எந்தத் துணி

கடைக்காரர் எவ்வளவு உறிஞ்சும் என்று சொல்வார். கொழும்பில் கேட்கவேண்டிய கேள்வி, எவ்வளவு நேரத்தில் காயும் என்பது.

புதுக்கடையில் பெரிய நீதிமன்றக் கட்டடங்களைத் தாண்டி உள்ளே போனால் தோளோடு தோள் ஒட்டிய வீடுகள். ஒழுங்கைக்கு மேலே குறுக்கே கட்டிய கொடியில் உச்சிப்பொழுதில்தான் நேர்வெயில் விழும். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் கடற்காற்று தாராளம், ஆனால் அது உப்பும் ஈரமும் சேர்ந்த காற்று. பல இடங்களில் முன்பக்கப் பல்கனியில் துணி போடவும் விடமாட்டார்கள். கொட்டாஞ்சேனையில் மொட்டைமாடி உள்ள வீட்டுக்காரர் கொடுத்துவைத்தவர். கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. மே மாதத்திலும் ஒக்ரோபர், நவம்பரிலும் துணி காய்வது பெரும்பாடு.

அதனால் புதுப்பிள்ளைக்கு மெல்லிய பருத்திச் சதுரமே முதல் தெரிவு: ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர் நீள அகலம், ஓரம் மட்டும் மடித்துத் தைத்தது. மடித்தால் எட்டு அடுக்கு, விரித்தால் ஒற்றை அடுக்கு. கட்டும்போது தடிப்பு, காயும்போது மெல்லிசு. புறக்கோட்டையில் மல் துணியோ வாயில் துணியோ வெட்டி வாங்கி வீட்டிலேயே ஓரம் தைக்கலாம். துவாய்த்துணி நன்றாக உறிஞ்சும். மழைநாளில் இரண்டு நாள் கொடியில் கிடக்கும். பஞ்சடுக்கை உள்ளே வைத்துத் தைத்தவை அதைவிட மெதுவாகக் காயும். வெளியே நீர்புகாத் துணியும் உள்ளே செருகும் அடுக்கும் உள்ள ‘பொக்கெட்’ நாப்பி வசதியானது. அடுக்கை வெளியே எடுத்துத் தனியாகக் காயவைக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். அந்த அடுக்கு மைக்ரோஃபைபர் என்றால் பிள்ளையின் தோலில் நேரே படக்கூடாது. ஈரத்தை இழுத்துத் தோலை வறளச் செய்யும்.

பிறந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு போகும். இடுப்பில் ஒரு நாள், கொடியில் ஒரு நாள் என்று இரண்டு டசின் வேண்டும். மழைக்காலப் பிள்ளை என்றால் மூன்று டசின். நீர்புகா மேலுறை நாலைந்து போதும். பிள்ளை பிறக்குமுன் பெரிய அளவில் ஒரே வகையை மொத்தமாக வாங்கிவிட வேண்டாம். தொடை மெலிந்த பிள்ளைக்குப் பொருந்துவது கொழுத்த பிள்ளைக்குப் பொருந்தாது.

கட்டுவது

சதுரத்தை முக்கோணமாக மடித்து, நீண்ட பக்கம் பிள்ளையின் முதுகுக்கு வரும்படி விரித்து, கீழ் முனையைக் கால்களுக்கிடையே முன்னுக்குக் கொண்டுவந்து, இரு பக்க முனைகளையும் அதன்மேல் சேர்ப்பது எல்லோருக்கும் தெரிந்த கட்டு. தொப்புள்கொடி விழ ஒன்றிரண்டு வாரமாகும். அதுவரை முன்விளிம்பைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிட்டு அந்த இடத்தைக் காற்றாட விடவேண்டும். ஆண்பிள்ளைக்கு முன்பக்கத்தில் கூடுதல் மடிப்பு. பெண்பிள்ளைக்கு நடுவிலும் பின்னாலும். பின் குத்தும்போது உங்கள் இரண்டு விரல் துணிக்கும் வயிற்றுக்கும் இடையில் இருக்கட்டும். குத்தினால் உங்கள் விரலில் குத்தட்டும். அந்த இரு விரலும் தாராளமாக நுழைந்தால் இறுக்கமும் சரி. பிள்ளையின் கால்கள் தவளைக்கால்போல் மடங்கி அகன்று நிற்க இடம் வேண்டும். கால்களை நேராக இழுத்துச் சேர்த்து இறுக்கிச் சுற்றுவது இடுப்பு மூட்டின் வளர்ச்சிக்குக் கூடாது.

பலர் கவனிக்காத ஒரு நன்மை துணியில் உண்டு: எத்தனை முறை நனைந்தது என்று எண்ண முடியும். எறிநாப்பி ஈரத்தை உள்ளே ஒளித்துவிடும். முதல் நாட்களில் கறுத்து ஒட்டும் காட்டுப்பீ போய், தாய்ப்பால் நன்றாக இறங்கினால் ஐந்தாம் நாளளவில் மஞ்சளாக மாறும். அந்நேரம் நாளொன்றுக்குக் குறைந்தது ஆறு தடவையாவது சிறுநீர் போகவேண்டும். பால் காணாதோ என்று பயந்து மா பேணி வாங்க ஓடுமுன், வாளியில் கிடக்கும் நனைந்த துணிகளை எண்ணிப் பார்க்கலாம். எண்ணிக்கை குறைந்தாலோ பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ அன்றைக்கே காட்டவேண்டும்.

துவைப்பதும் காயவைப்பதும்

மலத்தை மலசலகூடத்தில் தட்டிவிட்டு, முதலில் பச்சைத்தண்ணீரில் அலசவேண்டும். நேரே சுடுதண்ணீரில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கசக்கி, நுரை முற்றாகப் போகும்வரை, மூன்று தண்ணீருக்குக் குறையாமல் அலசுவது முக்கியம். தோல் சிவப்பதற்குத் துணியில் தங்கிய சவர்க்காரமும் ஒரு காரணமாகலாம். மணத்துக்காக ஊற்றும் மென்மையாக்கி துணியில் ஒரு படலம் விட்டு உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். டெட்டோல் தினமும் தேவையில்லை. இரவு நனைந்ததைக் காலையில் எடுத்தால் மூக்கில் அடிக்கும் காரம் அமோனியா. சிறுநீரிலுள்ள யூரியாவைக் கிருமிகள் உடைப்பதால் வருவது. இரவுத்துணியை மற்றவற்றோடு சேர்க்காமல் உடனே அலசிவிட்டால் பாதி மணம் போய்விடும். ஊறவைக்கும் வாளிக்கு இறுக்கமான மூடி வேண்டும். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் ஒரு சாண் தண்ணீரும் உயிருக்கு ஆபத்து. அங்கே அலசிப் பிழிந்து தண்ணீரில்லாத வாளியில் போட்டுவைப்பதே பாதுகாப்பு.

மஞ்சள் கறைக்கு வெயிலைவிட நல்ல மருந்து கிடையாது. ஈரமாகவே வெயிலில் விரித்தால் ஒரே பகலில் வெளுக்கும். காய்ந்ததா என்று பார்க்க உள்ளங்கை போதாது. ஓரத்தின் தையல் மடிப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள் அனுபவப்பட்டவர்கள். நடுத்துணி காய்ந்து வெகுநேரம் கழித்தும் அந்த மடிப்பில் ஈரம் நிற்கும், குளிர்ச்சி கன்னத்தில் உடனே தெரியும். மழைநாளில் மின்விசிறியின் கீழே ஒற்றை அடுக்காகக் கட்டி, கடைசி ஈரத்தை அயர்ன் பெட்டியால் போக்கலாம். சாம்பிராணிப் புகையில் பிடிப்பது பழைய வழக்கமானாலும், காற்றோட்டமில்லாத அறையில் அந்தப் புகை பிள்ளையின் மூச்சுக்குக் கேடு.

அரைப்பகுதி சிவந்தால் துணியைக் குறைசொல்லுமுன் எவ்வளவு நேரம் ஈரத்தில் கிடந்தது என்று பாருங்கள். அடிக்கடி மாற்றி, வெறும் தண்ணீரால் கழுவி, கொஞ்சநேரம் திறந்துவிட்டாலே பெரும்பாலும் தணியும். பவுடர் வேண்டாம், அதன் தூள் மூச்சில் போகும். மடிப்புகளுக்குள் கடும் சிவப்பும் சுற்றிவரச் சிறு புள்ளிகளும் என்றால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருந்து வேண்டும்.

இரவும் வேலையும் குப்பையும்

84 நாள் பிரசவ விடுமுறை முடிந்து தாய் வேலைக்குப் போகும்போதுதான் துணி நாப்பி பல வீடுகளில் நின்றுபோகிறது. பகலில் துணி, இரவிலும் பயணத்திலும் எறிநாப்பி என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை. நாளுக்கு ஐந்து எறிநாப்பி குறைந்தாலும் அது குறைவுதான். தகப்பன் துவைக்கும் வீட்டில் துணி நாப்பி நிலைக்கிறது. எல்லாம் ஒருத்தியின் தலையில் விழும் வீட்டில் எறிநாப்பியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எறிநாப்பி உக்குவதில்லை. கொழும்பின் குப்பை எங்கே போகிறது என்பதை 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து 32 உயிர்களைக் கொண்டுபோனபோது நாடே பார்த்தது. துணியும் தானாகவே சுத்தமான தெரிவாகிவிடாது. பிரித்தானியச் சூழல் முகவரகத்தின் 2008 ஆய்வு, காபன் கணக்கில் துணியும் எறிநாப்பியும் ஏறக்குறைய சமம் என்றது. கொடியில் காயவைத்து, இயந்திரத்தை நிறையப் போட்டு ஓட்டி, அடுத்த பிள்ளைக்கும் பாவித்தால் துணியின் கணக்கு 40 வீதம் வரை குறையும் என்றும் காட்டியது. கொடியும் அடுத்த பிள்ளையும் நம் வீடுகளில் முன்பே இருந்தவை.

அடுத்த பிள்ளைக்கு எடுத்துவைக்கும்போது ஒரு எச்சரிக்கை. அலுமாரியில் நாப்பியோடு நப்தலீன் உருண்டை போடவேண்டாம். ‘ஜி6பிடி’ என்ற நொதி பிறவியிலேயே குறைந்த பிள்ளைகளுக்கு, அந்த உருண்டையின் ஆவி ஊறிய துணியைச் சுற்றினாலே செங்குருதிக் கலங்கள் உடைந்து மஞ்சட்காமாலை கடுமையாகலாம். அந்தக் குறைபாடு பார்வைக்குத் தெரியாது. உறவினர் தந்த பொதியில் அந்த மணம் இருந்தால், பிள்ளை இருக்கும் அறைக்குள் பொதியைத் திறக்கவே வேண்டாம். துவைத்து வெயிலில் போட்ட பின்னும் மணம் நின்றால் அந்தத் துணியைக் கைபிடித்துணியாகக் குசினிக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு வேறு துணி வெட்டுங்கள்.