திருட்டுப் பட்டம் வாங்கின காவல்காரன்

செல் கண்டபடி பிரியாமல் தடுக்கும் ஒரு புரதம், பத்து வருஷம் புற்றுநோய் வில்லன்னு பேர் வாங்கிட்டு இருந்தது தெரியுமா? பி53 கதையைத்தான் சொல்றேன்.

1979. எஸ்வி40 என்ற குரங்கு வைரஸ் சாதாரண செல்லை எப்படிப் புற்றுசெல்லாக மாற்றுதுன்னு பல ஆய்வகங்களில் தேடிக்கிட்டு இருந்தாங்க. லண்டனில் டேவிட் லேன், லயனல் கிராஃபோர்ட், பிரின்ஸ்டனில் ஆர்னால்ட் லெவின் குழு, இன்னும் சிலர். எல்லாரும் பார்த்தது ஒண்ணுதான்: வைரஸின் டி ஆன்டிஜெனோடு செல்லின் சொந்தப் புரதம் ஒண்ணு ஒட்டிக்கிட்டு வருது. ஜெல்லில் எடை 53 கிலோடால்டன்னு காட்டியதால் பி53. (நிஜ எடை சுமார் 44 தான். பேரிலேயே தப்பு!)

புற்றுசெல்களில் இது குவிந்து கிடந்தது. 1984-இல் இதன் மரபணுவையும் ராஸ் மரபணுவையும் சேர்த்து உள்ளே விட்டால் செல் புற்றாக மாறுதுன்னு காட்டினாங்க. அப்புறம் என்ன, பட்டம் கட்டியாச்சு.

ஒரே ஒரு உறுத்தல். லெவின் ஆய்வகத்தில் இருந்த ஒரு பிரதி மட்டும் அப்படிச் செய்யலை. வரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்தா, புற்றை உண்டாக்கிய பிரதிகளில்தான் சடுதி மாற்றம்! கெட்டுப்போன பி53-ஐ வச்சு நல்ல பி53 மேல கேஸ் போட்டிருக்காங்க. நல்ல பிரதி புற்றைத் தடுக்குதுன்னு 1989-இல் அவர் குழு காட்டியது. அதே வருஷம் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பெர்ட் வோகல்ஸ்டீன் குழு, பெருங்குடல் புற்றில் பி53-இன் ஒரு பிரதி தொலைந்து மற்றது கெட்டிருப்பதைக் கண்டது. வைரஸ் அன்னிக்கு இதை ஒட்டிக்கிட்டு இருந்ததும் கூட்டு சேர இல்லை, காவல்காரனைக் கட்டிப்போட!

சரி, காவல் எப்படி நடக்குது? 1993-இல் ஒரு முக்கியமான கண்ணி கிடைத்தது. டிஎன்ஏ அடிபட்டால் பி53 கூடி, பி21 என்ற புரதத்தை உண்டாக்க வைக்கும். பி21 போய் சிடிகே நொதிகளைப் பிடித்து நிறுத்தும். சிடிகே பாஸ்பேட் ஒட்டாதவரை ஆர்பி என்ற இன்னொரு காவல் புரதம் ஈ2எஃப்-ஐப் பிடியிலிருந்து விடாது. ஈ2எஃப் வெளியே வராமல் டிஎன்ஏவை நகலெடுக்கும் மரபணுக்கள் விழிக்காது. செல் ஜி1 கட்டத்திலேயே நிற்கும். பழுது பார்க்க அவகாசம். தேறாத அளவு அடின்னா, செல்லைத் தற்கொலைக்கே அனுப்பிடும்.

மனிதப் புற்றுகளில் ஏறக்குறைய பாதியில் இந்த மரபணு கெட்டிருக்கு.

எல்லாருக்கும் வர்ற விடை நமக்கு மட்டும் வரலைன்னா என்ன செய்வோம்? நம்ம சோதனைதான் தப்புன்னு தூக்கிப் போடுவோம். அங்கே யாரோ ஏன்னு கேட்டிருக்காங்க. பி53-க்கு விடுதலை வாங்கிக் கொடுத்தது அந்தக் கேள்விதான்.