அமெரிக்கப் பந்தியில் ஐரோப்பிய விருந்தாளிகள்

வெளியூர் போய் வந்தவரை நாம் முதலில் கேட்பது, "சாப்பாடெல்லாம் எப்படி இருந்தது?" என்றுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்துத் திரும்பிய ஐரோப்பியர்களும் இதற்கு விலக்கல்ல. அவர்களுடைய பிரயாண நூல்களில் அந்நாட்டுச் சாப்பாட்டு மேஜைக்குத் தனி இடம் உண்டு. பெண், பிள்ளைகளைப் பார்க்க அங்கே போய் வரும் நம் அன்பர்களுக்கு இது சுவாரசியமாக இருக்கும் என்பதால், நான் விரும்பிப் படித்த மூவரைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

முதலாமவர் பிரான்சஸ் ட்ரோலப் என்ற ஆங்கிலேய அம்மையார். நாவலாசிரியர் ஆண்டனி ட்ரோலப்பின் தாயார். குடும்பத்தின் பணமுடை தீர வழி தேடி 1827-ல் கப்பலேறினார். ஒஹாயோ நதிக்கரையிலுள்ள சின்சினாட்டி நகரில் அவர் கட்டிய வியாபாரக் கூடம் பெரும் நஷ்டத்தில் முடிந்தது. ஊர் திரும்பி, அமெரிக்கர்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி 1832-ல் வெளியிட்ட புத்தகம்தான் அவருக்குக் கைகொடுத்தது. நீராவிப் படகில் கண்ட பந்தியை அவர் விவரிப்பது வேடிக்கையாக இருக்கும். ஜெனரல், கர்னல், மேஜர் என்று பட்டமுள்ள பிரமுகர்கள் பேச்சே இல்லாமல் அவசர அவசரமாகச் சாப்பிடுவார்கள். கத்தி முழுவதும் வாய்க்குள் போய்விடுமோ என்று இவருக்குப் பயம். புகையிலை எச்சில் வேறு! சின்சினாட்டியில் குப்பையை நடுத்தெருவில் கொட்டச் சொன்னார்களாம். பன்றிகள் வந்து சுத்தம் செய்துவிடும்! அமெரிக்கர்களுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் நாடகக் கொட்டகையில் யாராவது மரியாதையில்லாமல் உட்கார்ந்தால், "ட்ரோலப்! ட்ரோலப்!" என்று மற்றவர்கள் கூவித் திருத்தும் வழக்கமும் வந்தது.

அடுத்தவர் பிரான்ஸ் தேசத்து அலெக்ஸி டி டோக்வில். சிறைச்சாலைகளை ஆராய்வதற்காக, நண்பர் போமோனுடன் 1831 மே மாதம் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 25. சாப்பாட்டோடு திராட்சை மது இல்லையே என்ற குறையையும், இவ்வளவு பதார்த்தங்கள் எப்படி வயிற்றுக்குள் போகின்றன என்ற வியப்பையும் தாயாருக்குக் கடிதத்தில் எழுதினார். ஆனால் அத்துடன் நிற்கவில்லை. பிரான்சில் அரசாங்கமும் இங்கிலாந்தில் பெரிய பிரபுவும் செய்கிற காரியங்களை, அமெரிக்காவில் சாதாரண ஜனங்கள் சங்கம் கூடிச் செய்துகொள்கிறார்கள் என்பதை அவர் கண்டார். சங்கம் நடத்தும் நமக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

மூன்றாமவர் சார்லஸ் டிக்கன்ஸ். 1842 ஜனவரியில் பாஸ்டன் வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை; புகழோ வானளாவியது. கால்வாய்ப் படகில் காலையில் பரிமாறிய மீன், ஈரல், பன்றி இறைச்சி முதலான நீண்ட பட்டியலே மத்தியானமும் ராத்திரியும் தொடர்ந்ததை அவர் எழுதியிருக்கிறார் (சைவ அன்பர்கள் மன்னிக்கவும்!). வாஷிங்டனில் எங்கும் புகையிலை எச்சில் என்று முகம் சுளித்தவர், லோவெல் ஊர் ஆலைகளில் வேலை பார்த்த பெண்கள் நூலகங்களில் சந்தா கட்டிப் படித்ததோடு, சொந்தமாகப் பத்திரிகையும் நடத்தியதை மனமாரப் பாராட்டினார்.

ரசனையிலும் சுபாவத்திலும் வேறுபட்ட இம்மூவரும் ஒரே விஷயத்தில் ஒன்றுபட்டார்கள். அது அடிமை முறை. சுதந்திரம் பேசுகிறவர்களே மனிதர்களை விலைக்கு வாங்குகிறார்களே என்று ட்ரோலப் அம்மையார் குமுறினார். ஒஹாயோ நதியில் படகில் போன டோக்வில், வலது கரையில் அடிமைகள் இல்லாத ஒஹாயோ மாநிலத்தின் சுறுசுறுப்பையும், இடது கரையில் கென்டக்கியின் மந்தத்தையும் ஒப்பிட்டார். உழைப்பு அடிமைக்கு உரியது என்றாகிவிட்டால், மற்றவன் உழைக்கவே வெட்கப்படுகிறான் என்பது அவர் முடிவு. தப்பியோடிய அடிமைகளைத் தேடிப் பத்திரிகைகளில் வந்த விளம்பரங்களை டிக்கன்ஸ் தம் நூலில் அப்படியே அடுக்கினார். கழுத்தில் இரும்பு வளையம், உடம்பில் சூட்டுத் தழும்பு என்று எஜமானர்களே கொடுத்த அடையாளங்கள் அவை. அதற்குமேல் வாதம் தேவைப்படவில்லை.

உள்நாட்டுப் போருக்குப் பின் 1865-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. டிக்கன்ஸ் மறுபடி வந்தது 1867-ல். 1868 ஏப்ரல் 18 அன்று நியூயார்க் பத்திரிகையாளர்கள் அளித்த விருந்தில், நாடு வியக்கத்தக்க விதத்தில் மாறியிருப்பதையும், தம்மிடம் எல்லோரும் காட்டிய பண்பையும் சொன்னார். அமெரிக்காவைப் பற்றிய தம் இரு நூல்களின் பிரதிகளிலும் இதை இனி அச்சிடச் செய்வேன் என்று வாக்களித்து, நிறைவேற்றினார். அதற்காகப் பழைய எழுத்தை அழித்துவிடவில்லை; அப்போது கண்டதும் சாட்சி, இப்போது கண்டதும் சாட்சி.

இன்னார் என்ன சாப்பிடுகிறார், எப்படிச் சாப்பிடுகிறார் என்று பார்த்து எடைபோடுகிற வழக்கம் நம்மிடமும் நிறையவே உண்டு. கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கிற முறை ஒரு தலைமுறையில் மாறிவிடும். பந்தியில் யார் உட்கார்கிறார், யார் எடுபிடியாக நிற்கிறார் என்பதுதான் பிரயாணி கவனிக்க வேண்டியது. மூவரும் அதைக் கவனித்தார்கள். அதனால்தான் அவர்களை இன்றும் படிக்கிறோம்.