பெட்டி கீற வராத பிள்ளைக்கு ஒரு வரலாறு



சாதாரண தரத்துக்கு ஐ.சி.டி. எடுங்கள் என்றால் நம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் இரண்டு காரணம் சொல்லி ஒதுங்கிவிடுகிறார்கள். ஒன்று, வீட்டில் லெப்டொப் இல்லை. மற்றது, "சேர், எனக்குப் படம் கீற வராது." பாய்ச்சற் கோட்டுப்படம் என்றாலே ரூலர், பென்சில், ரப்பர் என்று பயந்துவிடுகிறார்கள். அந்தப் பயத்துக்காகத்தான் இந்தக் கதையை எழுதுகிறோம். சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி கீறி அம்புக்குறி போட்டு ஒரு வேலையை விளக்குவது கணினிக்கு முந்திய பழக்கம். 1921இலேயே அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத் தொழிற்சாலை வேலைகளை இப்படிக் காட்டினார். 1947இல் கோல்ட்ஸ்டைனும் ஃபொன் நொய்மானும் கணினிக்கான வேலைத்திட்டத்தை இத்தகைய படங்களால் விளக்கினார்கள். தொல்லையும் அன்றே தொடங்கியது. நம்மூர் உதாரணம் சொன்னால் விளங்கும். வாட்டல், உருட்டல், நொதித்தல், உலர்த்தல், தரம்பிரித்தல் என்று தேயிலைத் தொழிற்சாலையை ஐந்து பெட்டிகளில் கீறிவிட்டீர்கள். பிறகுதான் ஞாபகம் வருகிறது, உருட்டிய கொழுந்தைச் சலிக்கவும் வேண்டுமே! ஒரு பெட்டியைச் செருக மூன்று பெட்டிகளை அழிக்க வேண்டும். மென்பொருள் செய்கிறவர்களுக்கு இது தினசரி வேதனை. நிரல் மாறிக்கொண்டே இருக்கும், சுவரில் ஒட்டிய படம் பழசாகிக் கிடக்கும்.

அப்படியானால் எழுத்தைக் கொடுத்துக் கணினியையே கீறச் சொன்னால் என்ன? ஐபிஎம்மில் ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய குழுவில் இருந்த லோயிஸ் ஹெய்ப்ட் என்ற பெண்மணி 1959இல் இதற்கு ஒரு வழி காட்டினார். நிரலை வாசித்துப் பாய்ச்சற் படத்தைத் தானே கீறும் நிரல் அது. ("கணினி ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு" என்று சொல்லும் பெற்றோர் இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.)

அடுத்து பெல் ஆய்வுகூடம். 1980களின் தொடக்கத்தில் பிரையன் கெர்னிகன் 'பிக்' என்ற சிறு மொழியைச் செய்தார். பெட்டி, அம்பு, பெட்டி என்று எழுதினால் படம் வரும். ஆனால் எது எந்தப் பக்கம் என்பதை நாமே சொல்லிக்கொண்டு போக வேண்டும். அதே ஆய்வுகூடத்தில் பிறகு வந்த 'கிராஃப்விஸ்' அந்தச் சுமையையும் இறக்கியது. எதற்குப் பின் எது என்று மட்டும் சொன்னால் போதும். கோடுகள் முடிந்தவரை ஒன்றையொன்று வெட்டாதபடி எங்கே எந்தப் பெட்டியை வைப்பது என்று கணக்குப் போட்டு அதுவே கீறும். நாம் எழுத வேண்டிய முக்கியமான வரிகள் இவ்வளவுதான்:

வாட்டல் -> உருட்டல்
உருட்டல் -> சலித்தல்
சலித்தல் -> நொதித்தல்

தமிழிலேயே எழுதலாம், ஏற்றுக்கொள்ளும். இடையில் ஒரு வேலை கூடினால் ஒரு வரியைத் திருத்தி இன்னொரு வரி சேர்த்தால் சரி, ரப்பருக்கு வேலையில்லை. பிறகு 2009இல் பிரான்சின் ஆர்னோ ரோக் 'பிளான்ட் யுஎம்எல்'லையும், 2014இல் சுவீடனின் க்னூட் ஸ்வெய்ட்க்விஸ்ட் 'மெர்மெய்ட்'டையும் தந்தார்கள். மூன்றும் இலவசம்.

இனி நம் நாட்டுக் கதை. கொழும்பில் வளர்ந்த டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் 2017இல் 'பலெரினா' என்ற கணினி மொழியை அறிமுகம் செய்தது. நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான சஞ்ஜீவ வீரவரணவே அதன் முன்னணி வடிவமைப்பாளர்களில் ஒருவர். அதன் அடிப்படை, 'சீக்குவென்ஸ் டயகிராம்' என்ற படம். கங்காணிக்கு ஒரு செங்குத்துக் கோடு, நிறுவைக்காரருக்கு ஒன்று, தொழிற்சாலைக்கு ஒன்று என்று நினைத்துக்கொள்ளுங்கள். யார் யாருக்கு என்ன தகவல் அனுப்பினார் என்பது குறுக்கே அம்பாக ஓடும். மற்ற மொழிகள் பலவற்றில் நிரல் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். பலெரினாவில் எழுதும் நிரலே படமாகவும் தெரியும். படத்தில் செய்யும் மாற்றம் நிரலில் எழுதப்படும். வெளியே இருக்கும் இன்னொரு கணினியை அழைக்கும் இடத்தில் நிரலுக்குள்ளேயே -> என்று அம்புக்குறிதான் போட வேண்டும்! 1.0 பதிப்பு 2019 செப்டெம்பரில் வந்தது. உலகம் முழுக்க அறுபது ஆண்டாகத் தேடிய ஒரு விசயத்தில் இலங்கையர் கையும் இருக்கிறது. அது நம் மலையகப் பிள்ளைகளின் காதில் விழாமல் இருப்பதுதான் நமக்குக் கவலை.

லெப்டொப் இல்லை என்ற காரணத்துக்கு வருவோம். படம் கீறும் பெரிய மென்பொருள்களுக்கு நல்ல கணினி வேண்டும். மெர்மெய்ட் போன் பிரவுசரிலேயே ஓடும். எழுதியது சில வரிதான் என்பதால் லயத்துக் காம்பராவில் இருந்து நண்பனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பலாம், அவன் திருத்தித் திருப்பி அனுப்பலாம். ரீலோடும் அவ்வளவாகக் கரையாது.

பரீட்சையில் கையால்தான் கீற வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் முதலில் வரிவரியாக எழுதிப் பழகிய பிள்ளைக்குக் கீறுவது பிறகு வெறும் கைவேலை. ஒன்றை மட்டும் இந்த மென்பொருள்கள் செய்யாது. உலர்த்திய பிறகு நொதிக்க வைப்பதாக எழுதினால் அதையும் அழகாகக் கீறித் தந்துவிடும். அது பிழை என்று தொழிற்சாலையில் வேலை செய்யும் அப்பா பார்த்தவுடனே சொல்லிவிடுவார். பிள்ளை போனை நீட்டினால் ஒரு நிமிடம் வாங்கிப் பாருங்கள்.