எனாமல் கலை வகுப்பறைக்கு வந்த வழி

உலோகத் தகட்டின் மேல் வண்ணக் கண்ணாடித் தூளைப் பரப்பி, சூளையில் உருக்கி, உலோகத்தோடு பிரிக்க முடியாதபடி ஒட்டவைப்பதே எனாமல் வேலை. நம் நகைக்கடைகளில் மீனாகாரி என்ற பெயரில் இதைப் பார்த்திருப்போம். இன்று உலகின் பல நகரங்களில் ஒரு நாள், இரண்டு நாள் பயிற்சிப் பட்டறைகளில் யார் வேண்டுமானாலும் இதைக் கற்றுக்கொள்ளலாம். காலையில் செப்புத் தகட்டின் முன் உட்காருகிறவர் மாலையில் தானே செய்த பதக்கத்துடன் வீட்டுக்குப் போகிறார். 150 ஆண்டுகளுக்கு முன், நகைத்தொழிலில் பிறக்காத ஒருவருக்கு இது எட்டாத வித்தை.

கைவினைக் குடும்பங்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியத்தை அச்சுப் புத்தகங்கள் வெளியே கொண்டுவந்துவிட்டன என்பதே இந்த மாற்றத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. செய்முறை எப்போதோ எழுத்தில் ஏறிவிட்டது. எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு கை பழகுவதுதான் கடினமாக இருந்தது. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று செய்துகாட்டியது, அரைத்துச் சலித்த தூள் விலைக்குக் கிடைத்தது, மேசை மேல் வைக்கும் மின்சூளை வந்தது ஆகிய மூன்றும் கூடியபோதுதான் கதவு திறந்தது. லண்டனில் 1880களில் தொடங்கி அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1950களில் முதிர்ந்த ஓர் ஆசிரியர்-மாணவர் தொடரைக் கொண்டு இக்கட்டுரை அதை விளக்க முயல்கிறது.

முதலில் எழுத்தின் கதை. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தியோஃபிலஸ் என்ற புனைபெயரில் ஒரு துறவி லத்தீனில் எழுதிய கைவினை நூலின் மூன்றாம் பகுதி உலோக வேலையைப் பற்றியது. பொன் கிண்ணத்தில் பதிக்கும் எனாமல் துண்டுகளைச் செய்யும் முறை அதில் படிப்படியாக இருக்கிறது. மெல்லிய பொன் கீற்றுகளை வேண்டிய வடிவில் வளைத்து, மாவுப் பசையால் நிறுத்திப் பின் பற்றவைக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு சில்லை எடுத்து நெருப்பில் ஒன்றாக வைத்து, எல்லாம் ஒரே நேரத்தில் உருகுகின்றனவா என்று சோதிக்க வேண்டும். தேறிய கண்ணாடியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் அது பொடிப்பொடியாகத் தெறிக்கும். அதை நீர்விட்டு அரைக்க வேண்டும். வாத்து இறகை எழுதுகோலுக்குச் சீவுவதுபோல், ஆனால் நுனியைப் பிளக்காமல் சீவி, அதனால் ஈரத்தூளை அள்ளி அறை அறையாக நிரப்ப வேண்டும். சாம்பல் விழாமலிருக்கச் சல்லடைத் துளையிட்ட இரும்பு மூடியைக் கவிழ்த்து, சுற்றிலும் கரியை அடுக்கி, துருத்தியால் ஊதி, விரித்துக் கட்டிய வாத்துச் சிறகால் விசிற வேண்டும். மறைப்பு என்று எதுவும் இதில் இல்லை. பொற்கொல்லர் பென்வெனுதோ செல்லினியின் நூல் 1568இல் ஃபுளோரன்ஸில் அச்சானபோது அதிலும் எனாமலுக்குத் தனி இடம் இருந்தது. இவ்வளவு எழுதப்பட்டும் தொழில் பட்டறைச் சுவர்களுக்குள்ளேயே நின்றது.

காரணம் நெருப்பில் இருக்கிறது. தூள் பரப்பிய சிறு தகடு ஏறத்தாழ 750 முதல் 850 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓரிரண்டு நிமிடங்களே இருக்கும். முதலில் தூள் கறுக்கும். பிறகு துகள்கள் ஒன்றையொன்று பற்றிச் சொரசொரப்பாக நிற்கும். அடுத்து மேடும் பள்ளமுமான ஒரு நிலை. தொழிலில் அதற்கு ஆரஞ்சுத் தோல் என்றே பெயர். கடைசியில் பரப்பு சமமாகிப் பளபளக்கும். அந்தக் கணத்தில் இடுக்கி உள்ளே போக வேண்டும். தாமதித்தால் எனாமல் விளிம்பிலிருந்து பின்வாங்கி, அடியிலுள்ள செம்பு கறுத்துத் தெரியும். வெள்ளியானால் தகடே சாயக்கூடும். ஆறும்போது வேறு சிக்கல். உலோகமும் கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அதனால் தகட்டின் பின்பக்கமும் எனாமல் பூசி இழுவிசையைச் சமன்செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தகடு வளையும், கண்ணாடியில் கீறல் விழும். இவற்றில் எதையும் எழுதலாம். ஆனால் செந்தழல் நிறத்தில் ஒளிரும் சூளைக்குள் எந்தப் பளபளப்பு போதும், எது போதாது என்பதைக் கண்தான் பழக வேண்டும்.

கண்ணுக்கு முன்னால் பொருளாவது இருந்தால் ஓரளவு முடியும் என்பதற்கு ஜப்பான் சான்று. 1830களில், இன்றைய நகோயா வட்டாரத்தைச் சேர்ந்த காஜி சுனேகிச்சி, கைக்குக் கிடைத்த அயல்நாட்டு எனாமல் தட்டு ஒன்றை உடைத்துப் பார்த்துக் உலோகக் கம்பியால் அறைகள் அமைக்கும் கம்பி எனாமலின் நுட்பத்தைக் கண்டுபிடித்தார் என்பது அங்குள்ள மரபுச் செய்தி.

ஜெய்ப்பூர் இதற்கு நேர்மாறு. அங்கே கண் பழகுவது வீட்டுக்குள்ளேயே நடந்தது. 16ஆம் நூற்றாண்டில் ராஜா மான்சிங் லாகூரிலிருந்து அழைத்துவந்த கலைஞர்களே ஜெய்ப்பூர் மீனாகாரியின் முன்னோர் என்பது மரபு. ஒரே நகை பல கைகள் மாறும்: சித்தேரா கோலம் வரைவார், தட்டான் நகையைக் கட்டுவார், இன்னொருவர் பொன்னில் குழிசெதுக்குவார், மீனாகர் நிறம் நிரப்பிச் சுடுவார், மெருகிடுபவர் வேறு. அதிகச் சூடு தாங்கும் நிறம் முதலில், குறைவாகத் தாங்கும் சிவப்பு கடைசியில். பொன்மேல் தெளிந்து நிற்கும் அந்தச் சிவப்புக்காகத்தான் ஜெய்ப்பூர் பெயர் பெற்றது. ஜேக்கப், ஹெண்ட்லி என்ற இருவர் 1886இல் ஜெய்ப்பூர் எனாமலைப் பற்றி வண்ணப் படங்களுடன் ஒரு நூலே வெளியிட்டார்கள். அந்நூலால் ஜெய்ப்பூருக்குப் புகழ் கூடியது. ஆனால் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் வழி அதனால் மாறவில்லை.

அதே பத்தாண்டில் லண்டனில் வேறொன்று நடந்தது. 1880களின் நடுவில், தென் கென்சிங்டன் தேசியக் கலைப் பயிற்சிப் பள்ளியில் டால்பெய்ரா என்ற பிரெஞ்சுக் கலைஞர் மாணவர்கள் முன் எனாமல் செய்துகாட்டினார். பார்த்தவர்களில் ஒருவர் அலெக்சாண்டர் ஃபிஷர். 1864இல் பிறந்தவர், மண்பாண்டங்களுக்கு ஓவியம் தீட்டுபவரின் மகன். ஃபிஷருக்கு அந்தச் செயல்விளக்கம் தொடக்கம் மட்டுமே. பிரான்சுக்கும் இத்தாலிக்கும் சென்று பழைய வேலைகளைப் பார்த்தார். திரும்பிவந்து சொந்தப் பட்டறையில் சோதனை மேல் சோதனை செய்தார். உலோக இலையை அடியில் வைத்து, ஒளி ஊடுருவும் எனாமலை அடுக்கடுக்காகச் சுட்டு, உள்ளிருந்து ஒளி எழும் ஆழத்தை வரவழைத்தது அவர் கைவண்ணம்.

வரலாற்றுக்கு ஃபிஷரின் நகைகளைவிட அவருடைய வகுப்புகளே முக்கியம் என்பது என் கருத்து. லண்டன் மாநகர மன்றம் 1896இல் மத்திய கலை, கைவினைப் பள்ளியைத் தொடங்கியபோது எனாமல் பிரிவு அவரிடம் வந்தது. 1898 வரை அங்கே கற்பித்தார். 1904இல் கென்சிங்டனில் சொந்தப் பள்ளியும் நடத்தினார். ‘தி ஸ்டூடியோ’ இதழில் எழுதிய கட்டுரைகள் 1906இல் நூலாயின. ஹென்றி கனிங்ஹாம் என்ற அரசு அதிகாரி 1899இலேயே எனாமலின் கொள்கையும் செய்முறையும் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். தொழிலைச் சாராத ஓர் அதிகாரி கைநூல் எழுதும் அளவுக்கு ஆர்வம் பரவியிருந்தது. தியோஃபிலஸ் காலத்துப் புத்தகத்துக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு, இவற்றைப் படித்தவர் மாலையில் ஒரு வகுப்புக்குப் போய்ச் சூளைக்குள் எட்டிப் பார்க்க முடிந்தது என்பதே.

அந்த வகுப்புகளின் வழியே வந்தவர்களில் பெண்கள் கண்ணில் படுகிறார்கள். நகைப்பட்டறையில் தொழில்பழகும் சிறுவர்களோடு ஒரு பெண் உட்காருவது அரிதான காலம் அது. வகுப்பறை அந்தத் தடையை நீக்கியது. ஃபிஷரிடம் கற்ற நெல்சன் டாசன் தம் மனைவி எடித்துக்குச் சொல்லித் தந்தார். எடித் 1906இல் எனாமலைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். ஃபிஷரின் மாணவியான கார்மைக்கேல் சீமாட்டியிடமிருந்து எடின்பரோவின் ஃபீபி டிராக்வேர் 1901இல் கற்றார். ஐம்பதை நெருங்கும் வயதில் தொடங்கி, ஸ்காட்லாந்தின் மிகச்சிறந்த எனாமல் ஓவியங்களைச் செய்தார். எர்னஸ்டீன் மில்ஸ் பெண்கள் வாக்குரிமைப் போராட்டக்காரர்களுக்காக ஊதா, வெள்ளை, பச்சை நிறங்களில் பதக்கங்களும் ஊக்குகளும் செய்தார். தந்தை-மகன் வழி மட்டுமே இருந்திருந்தால் இந்தப் படைப்புகள் பிறந்திருக்காது. அதற்காக மட்டுமேகூட அந்த வகுப்பறைகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஃபிஷரின் பாடம் கடல் கடந்தது லாரின் ஹோவி மார்ட்டின் மூலம். இங்கிலாந்தில் ஃபிஷரிடம் கற்றுத் திரும்பிய இவர் பாஸ்டனில், மாசசூசெட்ஸ் அரசுக் கலைப்பள்ளியில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். இவருடைய மாணவர் கென்னத் பேட்ஸ் 1927இல் கிளீவ்லாந்து கலைப்பள்ளியில் சேர்ந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எனாமல் கற்பித்தார். டால்பெய்ராவின் செயல்விளக்கத்திலிருந்து பேட்ஸ் வரை நான்கே தலைமுறை. ஒவ்வொருவரும் முந்தியவரின் சூளையருகே நின்றவர்.

கிளீவ்லாந்து ஏன்? அங்கே எனாமல் ஏற்கெனவே பெருந்தொழில். அடுப்பு, குளியல்தொட்டி, குளிர்பெட்டிகளுக்கான பூச்சைத் தயாரித்த ஃபெர்ரோ எனாமல் நிறுவனம் 1919இல் அந்த ஊரில்தான் பிறந்தது. வியன்னாவில் படித்துவிட்டு வந்த எட்வர்ட் வின்டர் 1930களில் அந்தத் தொழிற்சாலையின் சூளைகளில் பெரிய எஃகுத் தகடுகளில் ஓவியங்களைச் சுட்டார். விரல்நுனிப் பதக்கமாக இருந்த கலை சுவரளவு வளர்ந்தது இப்படித்தான். கண்ணாடியின் வேதியியல் தெரிந்தவர்களும் கலைஞர்களும் ஒரே ஊரில் இருந்தது கிளீவ்லாந்தின் நல்வாய்ப்பு.

தூளும் சூளையும் கலைஞர் வீட்டுக்கே வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில். 1890இல் தொடங்கிய தாம்சன் நிறுவனம், அரைத்துச் சலித்து வண்ணவாரியாகப் புட்டியிலிட்ட எனாமல் தூளையும் சிறு மின்சூளைகளையும் பள்ளிகளுக்கும் பொழுதுபோக்குக் கலைஞர்களுக்கும் விற்றது. கண்ணாடிக் கட்டியை உரலில் இடித்து, பால்நிறக் கலங்கல் போகும்வரை கழுவிய வேலை மறைந்தது. பசைநீர் தடவிய செம்பின் மேல் சிறு சல்லடையால் தூவினால் போதும். பேட்ஸின் கைநூல் 1951இலும், ஒப்பி அன்ட்ராக்ட்டின் நூல் 1957இலும் வந்தபோது, அவற்றைப் படித்தவரிடம் சூளையும் தூளும் இருந்தன.

1950களில் செப்புக் கிண்ணமும் சாம்பல் தட்டும் பெருகியதைக் கண்டு, கலை மலிந்துவிட்டது என்று குறை சொல்வோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தூவிச் சுட்ட கிண்ணங்களில் பெரும்பாலானவை சாதாரணமானவைதான். ஆனாலும் தூள் விற்பவருக்கு வாடிக்கையாளரும், ஆசிரியருக்கு மாணவரும், பள்ளிக்குப் பிரிவும் அவற்றைச் செய்தவர்களால்தான் நிலைத்தன.

இழப்பு வேறிடத்தில் நிகழ்ந்தது. கண்ணாடியைத் தானே அரைத்துக் கழுவியவருக்கு ஒவ்வொரு நிறத்தின் குணமும் கையில் தெரிந்திருந்தது. புட்டியிலிருந்து தூவுகிறவருக்குச் சீட்டில் எழுதிய எண்தான் தெரியும். ஒரே ஒளி ஊடுருவும் நீலம் வெறும் செம்பின் மேல் மங்கலாகவும், வெள்ளை எனாமலின் மேல் தெளிவாகவும், வெள்ளி இலையின் மேல் ஒளிர்ந்தும் நிற்கும். இந்த அறிவு இல்லாமல் பதக்கம் செய்யலாம். நகை வடிவமைக்க முடியாது. இன்னொன்று, பழைய தூள்களில் ஈயம் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாம்சன் ஈயமில்லாத தூளுக்கு மாறினாலும், ஈயம் கலந்தவை இன்றும் சந்தையில் உண்டு. அவற்றை முகமூடி இல்லாமல் தூவுவது உடல்நலத்துக்குக் கேடு.

எனவே தொடக்கத்தில் சொன்ன பயிற்சிப் பட்டறைகளை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். முதல் நாளிலேயே பதக்கம் செய்யச் சொல்லாதீர்கள். ஆளுக்கு ஒரு நீளமான செப்புத் தகடு கொடுங்கள். ஒரு பாதியில் வெள்ளை எனாமலைச் சுட்டு, மறுபாதியின் ஒரு பகுதியில் வெள்ளி இலை பதித்து, மீதியை வெறுமனே விட்டு, அதன் குறுக்கே கையிலுள்ள எல்லா நிறங்களையும் பட்டை பட்டையாகச் சுடச் சொல்லுங்கள். சூளையின் சூட்டையும் நேரத்தையும் தகட்டின் பின்னால் குறிக்கச் சொல்லுங்கள். தூள்புட்டியில் ஈயம் பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று மாணவர்களையே படிக்கவையுங்கள். பதக்கத்தை இரண்டாம் நாள் செய்துகொள்ளலாம்.