ஸுரய்யாவும் கார்த்திகையும்: மக்கமா நகரின் கோடையும் அதை முன்னறிந்த மரபும்

கெடில நதிக்கரையில் உள்ள திருவந்திபுரத்தை அடுத்துச் செம்மண் மேடாக எழுந்து நிற்பது கேப்பர் மலை. அப்பகுதியில் முந்திரித் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் பெரியவர் ஒருவர், 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் புறப்படும் முன் நம்மிடம் விடைபெற வந்தார். மக்காவின் கோடையைப் பற்றி எச்சரித்தபோது அவர் சிரித்தார். "திருவந்திபுரத்துக் கத்திரி வெயில்ல நாப்பது வருஷம் நின்ன உடம்பு ஹஜ்ரத் இது. மக்கா வெயில் என்ன செஞ்சிடும்?" என்றார். துஆச் செய்து வழியனுப்பினோம்.

அவருடைய கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. பாலைவனத்து மக்கள் தம் கோடையை எவ்வாறு முன்னறிந்தனர்? அந்த அறிவுக்கும் நம் கத்திரிக் கணக்குக்கும் உறவு உண்டா? வெயிலை முன்னறிந்து தற்காத்துக்கொள்வது தவக்குலுக்கு முரணாகுமா? இவற்றை வரலாற்றின் ஒளியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு நாடுகளுக்கும் ஒரே விண்மீன்

நாம் கத்திரி வெயில் என்றும் அக்கினி நட்சத்திரம் என்றும் வழங்கும் காலம், மே மாதத் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ நான்கு வாரம் நீடிப்பது. சூரியன் பரணியின் பிற்பகுதியில் தொடங்கிக் கார்த்திகையைக் கடந்து ரோகிணியின் முற்பகுதியை அடையும் வரையுள்ள நாட்களே அவை. அக்கினியைத் தெய்வமாகக் கொண்டதெனப் பழைய சோதிட நூல்கள் கூறும் கார்த்திகையே இக்காலத்திற்குப் பெயர் தந்தது.

அதே கார்த்திகைக் கூட்டத்தைத்தான் அரபியர் ஸுரய்யா என அழைத்தனர். அடைமொழி எதுவுமின்றி 'அந்நஜ்ம்', அதாவது 'அந்த விண்மீன்' என்று கூறினாலே அது ஸுரய்யாவைக் குறிக்கும் அளவிற்கு அவர்தம் வாழ்வில் அதற்கு இடமிருந்தது. சூரியன் அதனை நெருங்கும்போது ஸுரய்யா ஏறத்தாழ நாற்பது நாட்கள் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்துவிடும். பின்னர் ஒரு நாள் வைகறையில் கீழ்வானில் அது மீண்டும் தோன்றும்போது, ஹிஜாஸில் கடுங்கோடை பிறந்துவிட்டதென அரபியர் அறிந்தனர். ஆக, ஸுரய்யா சூரிய ஒளியில் மறைந்திருக்கும் நாட்களை நாம் கத்திரி என்கிறோம். அது வெளிப்படும் நாளை அவர்கள் கோடையின் வாயிலாகக் கொண்டனர். வங்கக் கடலோரத்து உழவரும் ஹிஜாஸின் ஒட்டகம் மேய்ப்போரும் ஒரே விண்மீன் கூட்டத்தை நோக்கியே தம் வெயிலைக் கணித்துள்ளனர்.

நிலவின் தங்குமிடங்கள் (மனாஸில்) இருபத்தெட்டு என்பது அரபியரின் கணக்கு. திருக்குர்ஆனின் யூனுஸ், யாஸீன் அத்தியாயங்களில் இத்தங்குமிடங்கள் சுட்டப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று நாட்கள், ஒன்றுக்கு மட்டும் பதினான்கு எனப் பகுத்து, 365 நாட்களையும் அவர்கள் நிரப்பினர். இவற்றின் உதயத்தையும் மறைவையும் கொண்டு மழை, காற்று, வெப்பம், குளிர் ஆகியவற்றைக் குறிக்கும் அறிவுத்துறைக்கு 'அன்வாஉ' என்று பெயர். ஹிஜ்ரி 276இல் மறைந்த இப்னு குதைபா (ரஹ்) இத்துறையில் எழுதிய 'கிதாபுல் அன்வாஉ' இன்றும் கிடைக்கின்றது. தாவரவியல் மேதை அபூ ஹனீஃபா அத்தீனவரீயும் இத்துறையில் நூல் செய்தார். அல்பீரூனீ தம் 'அல்ஆஸாருல் பாக்கியா'வில் இக்கணக்கை விரிவாக ஆராய்ந்தார்.

இன்றைய வளைகுடா நாட்டுப் பருவ நாட்காட்டிகளின்படி ஜூன் முதல் வாரத்தில் ஸுரய்யா எழும். அதன்பின் தபரான், ஜவ்ஸா முதலியவை வரிசையாக எழும். ஜூலை இறுதியில் மிர்ஸம் எழும் நாட்களை ஒட்டிய உச்ச வெப்பத்தைக் 'கோடையின் கங்கு' என்னும் பொருளில் 'ஜம்ரத்துல் கைழ்' என்பர். ஆகஸ்ட் 24 அளவில் தென்வானில் ஸுஹைல் தோன்றினால் வெப்பம் தணியும் காலம் வந்ததென மகிழ்வர். இந்த ஸுஹைல் நாம் அகத்தியர் என்று பெயரிட்டு அழைக்கும் விண்மீனே. கோடையின் தொடக்கத்தில் கார்த்திகை, முடிவில் அகத்தியர் என, பாலைநிலத்துப் பருவ ஏட்டில் நமக்கு அறிமுகமான பெயர்களே நிற்கின்றன.

அடையாளம் வேறு, காரணம் வேறு

இங்கு ஓர் ஐயம் எழலாம். விண்மீனைப் பார்த்துப் பருவம் கூறுவதை இஸ்லாம் தடுக்கவில்லையா? ஹுதைபிய்யாவில் இரவு மழை பெய்த பின் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தியை ஸைத் இப்னு காலித் (ரலி) அறிவிக்கிறார். இன்ன விண்மீனால் மழை பெற்றோம் என்போர் இறைவனை நிராகரித்து விண்மீனை நம்பியோர் ஆவர் என்பது அதன் கருத்து. புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது.

ஆனால் அதே புகாரியில் மற்றொரு செய்தியும் உண்டு. வஹீயை எழுதியவரும் பாகப்பிரிவினைச் சட்டத்தில் தலைசிறந்தவருமான ஸைத் இப்னு ஸாபித் (ரலி), ஸுரய்யா உதிக்கும் வரை தம் தோட்டத்துக் கனிகளை விற்கமாட்டார். அதற்குள் காய்களின் நிறம் மாறி, தேறியது எது, தேறாதது எது என்பது தெளிவாகிவிடும். பலா, முந்திரி, மாந்தோப்புகளைப் பூக்கும் முன்பே விலை பேசிவிடும் நம் கடலூர், பண்ருட்டி வட்டாரத்தார் இச்செய்தியைச் சிந்திக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இத்தோப்புகளை வேரோடு சாய்த்தபோது, காயாத காய்க்குக் கொடுத்த பணம் யாருடையது என்னும் கேள்வி இங்கு வீடுதோறும் எழுந்தது.

இவ்விரு செய்திகளையும் ஒருங்கே நோக்கிய அறிஞர்கள் தெளிவான எல்லையை வகுத்தனர். விண்மீனை மழைக்கும் வெயிலுக்கும் காரணமாகக் கருதுவது வழிகேடு; இறைவன் அமைத்த ஒழுங்கின் அடையாளமாகக் கொண்டு காலத்தை அறிவது ஆகுமானது. காற்றழுத்தத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் கொண்டு இன்றைய வானிலை ஆய்வு மையம் கூறும் முன்னறிவிப்பும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததே. அது மறைவானவற்றை அறிந்ததாகக் கூறும் உரிமைகோரல் அன்று.

அடையாளங்களையும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதால் விண்மீன்களின் வைகறை உதயம் சுமார் 70 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் பின்தள்ளிப் போகிறது. நபித்தோழர்கள் கண்ட ஸுரய்யா உதயத்துக்கும் இன்றைய உதயத்துக்கும் பருவக் கணக்கில் இருபது நாள் அளவு வேறுபாடு உண்டு. நம் கத்திரிக்கும் இதே நிலைதான். கத்திரி கழிந்த பின்னும் ஜூனில் மேலைக்காற்று வலுத்துக் கடற்காற்று தாமதிக்கும் நாட்களில், கடலூரும் பரங்கிப்பேட்டையும் கொதிப்பதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம்.

வெயிலில் மார்க்கம் காட்டிய இரக்கம்

ஹிஜ்ரி 9இல் தபூக் பயணத்தின்போது, வெப்பத்தில் புறப்படாதீர் என்று கூறிப் பின்தங்கிய நயவஞ்சகரைத் திருக்குர்ஆன் கண்டிக்கிறது. கடமையிலிருந்து நழுவுவதற்கு வெயிலைச் சாக்காக்கியதே அங்கு அவர்கள் குற்றம். வெயிலைப் பொருட்படுத்த வேண்டாம் என்பது அவ்வசனத்தின் கருத்தன்று. வெப்பம் கடுமையாகும்போது லுஹர் தொழுகையைச் சற்றுத் தணியும் வரை பிற்படுத்துமாறு நபி (ஸல்) அவர்களே பணித்தார்கள். ஃபிக்ஹு நூல்கள் இதனை 'இப்ராத்' என்னும் தலைப்பில் பேசுகின்றன.

ஹஜ்ஜத்துல் விதாவில் நிகழ்ந்த ஒன்றை உம்முல் ஹுஸைன் (ரலி) வாயிலாக முஸ்லிம் பதிவு செய்கிறது. உஸாமா, பிலால் (ரலி) ஆகிய இருவரில் ஒருவர் நபியவர்களின் ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்திருந்தார். மற்றவர் தம் ஆடையை உயர்த்திப் பிடித்து, ஜம்ரத்துல் அகபாவில் கல்லெறியும் வரை வெயில் படாமல் நிழல் செய்தார். இஹ்ராமில் குடை பிடிக்கத் தயங்கும் நம் பெரியவர்களுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முப்பத்து மூன்றாண்டுச் சுற்று

பிறை ஆண்டைப் பருவத்தோடு பொருத்துவதற்காக மாதங்களைத் தள்ளிவைக்கும் 'நஸீஉ' வழக்கத்தை அத்தவ்பா அத்தியாயம் ஒழித்தது. அன்று முதல் ஹஜ் ஆண்டுக்குப் பத்து, பதினோரு நாட்கள் முன்னகர்ந்து, ஏறத்தாழ 33 சூரிய ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவருகிறது. எந்த நாட்டவருக்கும் நிரந்தரமாக இலேசும் இல்லை, நிரந்தரமாகக் கடினமும் இல்லை. ஹஜ்ஜத்துல் விதாவின் அரஃபா நாள் கி.பி. 632 மார்ச்சில் அமைந்தது. 1985இல் அது ஆகஸ்ட் 25 அளவில் வந்தது. 33 ஆண்டுகள் கழித்து 2018இல் ஆகஸ்ட் 20.

'மவ்ஸிம்' என்னும் அரபுச் சொல் இங்கு நினைக்கத்தக்கது. ஹஜ்ஜுக்காலத்தையும் கப்பலோடும் காற்றுப் பருவத்தையும் அச்சொல் ஒருங்கே குறித்தது. போர்த்துக்கீசியர் வழியாக அதுவே 'மான்சூன்' ஆயிற்று. மஹ்மூது பந்தர் என வழங்கிய பரங்கிப்பேட்டை போன்ற துறைமுகங்களின் முன்னோர்க்குப் பருவக் கணக்கு தவறினால் பயணமே இல்லை. 1995இல் மும்பையிலிருந்து ஜித்தா சென்ற ஹஜ் கப்பல் சேவை முடிவுற்றபின், விமானம் சில மணி நேரத்தில் நம்மைக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. பருவத்தைக் கணித்துப் புறப்படும் பழக்கமும் அத்துடன் நம்மிடமிருந்து விடைபெற்றுவிட்டது.

தண்ணீரும் நிழலும்

கோடையை முன்னறிந்தோர் வாளாவிருக்கவில்லை. ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா அம்மையார் (மறைவு ஹிஜ்ரி 216) நுஃமான் பள்ளத்தாக்கிலிருந்து அரஃபாவுக்கும் மக்காவுக்கும் நீர் கொணர்ந்தார். கூஃபாவிலிருந்து மக்கா வரை நீண்ட பாதையில் குளங்களும் கிணறுகளும் தங்குமிடங்களும் அமைந்தன. 'ஐனு ஸுபைதா' பல நூற்றாண்டுகள் ஹாஜிகளின் தாகம் தீர்த்தது.

நம் காலத்தில் அரஃபாத் திடலில் ஐம்பதாயிரம் அளவில் வேப்ப மரங்கள் நடப்பெற்றன. நம் மண்ணின் வேம்பு அங்கே ஹாஜிகளுக்கு நிழல் தருகிறது. 1980 அளவில் முஸ்தஃபா கோஜலி என்னும் மருத்துவர், வைனர் என்னும் ஆய்வாளருடன் சேர்ந்து, வெப்பத் தாக்குற்றோரைக் குளிர்விக்கும் கருவியொன்றை உருவாக்கினார். நுண்ணிய நீர்த்துளிகளை உடலில் தெளித்து, அதன்மேல் வெதுவெதுப்பான காற்றைச் செலுத்தி ஆவியாக்குவதே அதன் முறை. நம் மண்பானை நீரைக் குளிர்விக்கும் அதே விதிதான். மக்காவின் பெயராலேயே அது மருத்துவ உலகில் அறியப்படுகிறது.

1985 ஆகஸ்ட் ஹஜ்ஜில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெப்பத்தால் இறந்ததாக மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. அதன்பின் நாற்பதாண்டுத் தரவுகளை ஆராய்ந்தோர், மக்காவின் வெப்பம் பத்தாண்டுக்கு 0.4 டிகிரி வீதம் உயர்ந்தும், வெப்பத் தாக்கு விகிதம் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைந்ததாகக் கண்டனர். நிழலும் நீரும் முன்னறிவிப்பும் உயிர்காக்கும் என்பதற்கு இது போதிய சான்று.

2024 தந்த பாடம்

எனினும் 2024 ஜூன் 17 அன்று மஸ்ஜிதுல் ஹராமில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் நூற்றுக்கு 83 பேர் முறையான அனுமதியின்றிச் சென்றவர்கள். குளிரூட்டிய கூடாரமும் பேருந்தும் அவர்களுக்குக் கிட்டவில்லை. நிழலின்றி நெடுந்தொலைவு நடந்தே பலர் மாண்டனர். அல்லாஹ் அவர்கள்மீது அருள் புரிவானாக!

நம் தோப்புக்காரப் பெரியவர் முறையான அனுமதியுடன் சென்றவர். ஆயினும் மினாவில் மயங்கி விழுந்து, அருகிலிருந்தோரின் உதவியால் உயிர் தப்பினார். திரும்பிவந்தபின் அவர் கூறியது நம் நெஞ்சில் தைத்தது. "வேர்க்கவே இல்ல ஹஜ்ரத். அதான் ஏமாந்துட்டேன்" என்றார். கடலோர வெயிலில் ஈரப்பதம் மிகுதி; வியர்வை உடலில் நின்று நம்மை எச்சரிக்கும். மலைகளுக்கிடையே பள்ளத்தில் அமைந்த மக்காவின் வறண்ட காற்றிலோ வியர்வை தோன்றுமுன்பே ஆவியாகிவிடும். உடலின் நீர் வற்றுவதை உடலே உணராது. கத்திரியைத் தாங்கியவர் என்ற துணிவே அங்கு ஆபத்தாகிறது. தாகம் எடுக்கும் வரை காத்திராமல் நீர் அருந்த வேண்டும் என்பதை அவருக்கு நாம் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். துஆவோடு நிறுத்திக்கொண்டது நம் பிழை.

2025 ஜூன் 5 அன்று அரஃபாவில், காலை பத்து முதல் மாலை நான்கு வரை கூடாரத்தை விட்டு வெளிவர வேண்டாமென ஹாஜிகள் அறிவுறுத்தப்பட்டனர். 2026இல் அரஃபா நாள் மே இறுதிக்கு நகர்கிறது. வருங்கால ஹஜ்கள் வசந்தத்தையும் குளிர்காலத்தையும் நோக்கிச் செல்கின்றன. 2039இல் சனவரியிலும் டிசம்பரிலுமாக ஒரே ஆங்கில ஆண்டில் இரு ஹஜ்கள் அமையும். ஆயினும் மே மாத மக்காவின் சராசரி உச்ச வெப்பமே 40 டிகிரியைத் தாண்டும் என்பதை மறக்கலாகாது. 2050இல் ஹஜ் மீண்டும் ஆகஸ்டுக்குத் திரும்பும். 2047 முதல் 2052 வரையுள்ள ஹஜ்கள் மிகுந்த ஆபத்துக்குரியவை எனப் புவி வெப்ப உயர்வைக் கணக்கிட்ட ஆய்வாளர்கள் 2019இலேயே எச்சரித்துள்ளனர்.

இன்று நம் மத்ரஸாக்களில் அலிஃப், பா ஓதும் பிள்ளைகளே அன்று இஹ்ராம் உடுத்துவோர். அவர்களுக்குரிய ஆயத்தம் இன்றே தொடங்க வேண்டும். ஒவ்வொரு மஹல்லாவிலும் ஹஜ் விளக்கக் கூட்டங்களில் தவாஃபையும் ஸஃயையும் கற்பிப்பது போலவே வெப்பத்தின் இயல்பையும், குடையின் நபிவழிச் சான்றையும், முதியோருக்குரிய சலுகைகளையும் கற்பிக்க வேண்டும். அனுமதியின்றிச் செல்லத் துணிவோரைத் தடுக்க வேண்டும். ஸுரய்யாவை நோக்கிக் காத்திருந்து கனி விற்ற ஸைத் (ரலி), ஆடையை உயர்த்தி நிழல் செய்த தோழர், பாலையில் நீர் ஓடச்செய்த ஸுபைதா அம்மையார் ஆகியோர் அனைவரும் தவக்குல் உடையவர்களே. அவர்கள் வழியில், இனி விடைபெற வரும் ஹாஜிக்குத் துஆவோடு ஒரு குடையையும் கொடுத்தனுப்புவோம்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.