ஈமச் சடங்கு: தமிழர் மரபு

ஈமச் சடங்கு என்பது இறந்தவரின் உடலை அடக்கம் செய்வதற்கும், அதையொட்டிய நாள்களில் குடும்பத்தார் ஆற்ற வேண்டிய கடமைகளுக்கும் உரிய முறைகளின் தொகுப்பு. இறுதிச் சடங்கு, காரியம், கருமாதி, ஈழத்தில் செத்தவீடு எனப் பல பெயர்களில் இது வழங்குகிறது. தமிழரிடையே புதைத்தலும் எரித்தலும் சங்க காலம் தொட்டே அருகருகே நிலவி வந்துள்ளன. முறை எதுவாயினும் சடங்கின் பணிகள் மூன்று: உடலை மரியாதையோடு அகற்றுவது, இறந்தவரை முன்னோர் வரிசையில் சேர்ப்பது, அவர் விட்டுச் சென்ற பொறுப்பையும் உரிமையையும் இருப்பவர்களிடம் ஒப்படைப்பது. மூன்றாவது பணியால்தான் சாவு வீடு உறவு, சொத்து, சாதி, அரசியல் ஆகியவற்றின் களமாகவும் இருந்து வருகிறது.

தொல்லியல் சான்றுகள்

தமிழகத்தின் இரும்புக் கால மக்களைப் பற்றி இன்று தெரிந்தவற்றுள் பெரும்பகுதி அவர்களுடைய இடுகாடுகளிலிருந்தே கிடைத்தது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியரான ஜாகோரும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்தனர். முதுமக்கள் தாழிகளும், இரும்புக் கருவிகளும், வெண்கலப் பொருள்களும், பொன்னாலான நெற்றிப் பட்டங்களும் வெளிப்பட்டன. 2004-இல் தொடங்கிய அகழாய்வில் மேலும் நூற்றுக்கு மேற்பட்ட தாழிகள் கிடைத்தன. சிலவற்றில் முழு உடல் வைக்கப்பட்டிருந்தது. சிலவற்றில் தேர்ந்தெடுத்த எலும்புகள் மட்டுமே இருந்தன. உடல் வேறிடத்தில் சிதைந்த பின் எலும்புகளைப் பொறுக்கித் தாழியில் இட்டதை இது காட்டுகிறது. சடங்கு ஒரே நாளில் முடியாமல் கட்டம் கட்டமாக நடந்திருக்கிறது.

சிவகளையில் தாழியொன்றில் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 எனக் கரிமப் பகுப்பாய்வு காட்டியதாகத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் ஈமக்குழிக்குள் வைத்திருந்த நெல் கி.மு. 490-ஐச் சேர்ந்தது. உணவும் கருவியும் அணிகலனும் உடன் வைக்கப்பட்டதால், இறந்தவருக்கு அவை பிறகும் தேவைப்படும் என்ற நம்பிக்கை இருந்ததாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இலக்கியச் சான்றுகள்

புறநானூற்றில் தாழியும் வருகிறது, சிதையும் வருகிறது. கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடிய 228-ஆம் பாடல் தாழி வனையும் குயவனை நோக்கியது. அவ்வளவு பெரிய மன்னனுக்கேற்ற தாழியை எப்படி வனைவாய் என்று கேட்கிறது. 246-ஆம் பாடலில் பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு கணவனின் ஈமத் தீயில் இறங்க முனைகிறாள். நம்பி நெடுஞ்செழியனைப் பாடிய பேரெயில் முறுவலாரோ, நிறைவாக வாழ்ந்த அவனைப் புதைப்பதும் எரிப்பதும் ஒன்றுதான் என்ற கருத்தை 239-ஆம் பாடலில் வைக்கிறார்.

மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டில் ஐந்து முறைகள் வழங்கியதைச் சொல்கிறது: சுடுதல், வெட்டவெளியில் இட்டுவிடுதல், குழி தோண்டிப் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் வைத்து அடைத்தல், தாழியால் கவித்தல். தவத்தோருக்கும் அரசருக்கும் கணவனுடன் மாய்ந்த பெண்டிருக்கும் நால்வருணப் பிரிவு காட்டி எழுப்பிய சுடுமண் கோட்டங்களும் அங்கே இருந்தன. சாவுக்குப் பின்னும் பிரிவு தொடர்ந்ததற்கு இது பழைய சான்று.

நடுகல்லும் பள்ளிப்படையும்

போரிலோ ஆநிரைப் பூசலிலோ வீழ்ந்த வீரனுக்குக் கல் நடுவதைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாக வகுக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் மிகப் பழமையானவை. அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோளில் (ஆநிரை கவர்ந்த பூசலில்) இறந்த அந்தவனுக்கு எடுத்தது. அரச குடும்பத்தாருக்குச் சோழர் காலத்தில் பள்ளிப்படைக் கோயில்கள் எழுந்தன. அரிஞ்சயனுக்கு மேல்பாடியில் முதலாம் இராசராசனும், பஞ்சவன் மாதேவிக்குப் பழையாறையில் முதலாம் இராசேந்திரனும் எடுப்பித்தவை இன்றும் உள்ளன.

சடங்கின் அமைப்பு

சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் வேறுபட்டாலும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பொதுவான வரிசை ஒன்று உண்டு. கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, நெற்றியில் நாணயம் வைத்து, தலைமாட்டில் விளக்கேற்றுவார்கள். பங்காளிகள் நீர்மாலை எடுத்து வந்து உடலைக் குளிப்பாட்டுவார்கள். சம்பந்தி வீட்டாரும் பிறந்த வீட்டாரும் கோடித்துணி போடுவார்கள். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். வாய்க்கரிசி இட்ட பின் பாடை புறப்படும். சுடுகாட்டில் கொள்ளி வைப்பவர் நீர்க்குடத்தைத் தோளில் சுமந்து மூன்று சுற்று வருவார். சுற்றுக்கொரு துளை இடப்படும். முடிவில் குடத்தை உடைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வருவார். தந்தைக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைப்பது பல சமூகங்களில் வழக்கம்.

மறுநாள் பால் தெளிப்பும், பெரும்பாலும் பதினாறாம் நாள் கருமாதியும் நடக்கும். அன்று தீட்டு நீங்குவதோடு, மாமன் மைத்துனர் முறையினர் மகனுக்குத் தலைப்பாகை கட்டுவார்கள். குடும்பத் தலைமை கைமாறியது ஊரறிய உறுதியாவது இதில்தான். பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்பதைச் செயலால் நிறுவும் ஏற்பாடாகவும் இச்சடங்கு அமைந்திருக்கிறது.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் பல இடங்களில் இல்லை. அவர்களுக்குரிய களம் ஒப்பாரி. இறந்தவரை உறவுமுறை சொல்லி அழைத்துப் பாடும் ஒப்பாரியில் அண்ணன் தம்பி கைவிட்டது, புகுந்த வீட்டில் பட்டது எல்லாம் வெளிப்படும்; மற்ற நாள்களில் பேச முடியாததை அன்று பேசலாம். கணவனை இழந்தவளின் தாலியைக் கழற்றும் சடங்கு நெடுங்காலமாகக் கண்டனத்துக்கு உள்ளாகி வருகிறது. உடன்கட்டை ஏறுதலைச் சென்னை மாகாணம் 1830-இல் சட்டத்தால் தடை செய்தது.

துறவிகளையும் குழந்தைகளையும் எரிக்காமல் புதைப்பது இந்துக்களிடையே பரவலான வழக்கம். வீரசைவர் அமர்ந்த நிலையில் அடக்கம் செய்கின்றனர். முஸ்லிம்கள் உடலைக் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, ஜனாஸா தொழுகைக்குப் பின் கபரில் அடக்குவர். கத்தோலிக்கர் நவம்பர் 2-இல் கல்லறைத் திருநாள் கொண்டாடுகின்றனர்.

சாதியும் சுடுகாடும்

சாவுச் செய்தி சொல்வது, பறையடிப்பது, குழி வெட்டுவது, உடலை எரிப்பது ஆகிய வேலைகள் தலித் மக்கள்மீது கட்டாயக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தன. இருபதாம் நூற்றாண்டில் பல ஊர்களில் அவர்கள் இவ்வேலைகளைச் செய்ய மறுத்தனர். பின்னர் பறை கலையாகவும் உரிமைக் குரலாகவும் மேடையேறியது. சாதிக்கொரு சுடுகாடு இன்னும் பல ஊர்களில் உள்ளது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, வயல்வழி மறுக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்க நேர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரித்தது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் அடக்கத்தைச் சென்னையில் ஒரு கூட்டம் தடுத்தபின், அவ்வாறு தடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

அரசியல் அடக்கங்கள்

சுயமரியாதை இயக்கம் புரோகிதர் இல்லாத, சடங்கில்லாத அடக்கத்தையும் படத்திறப்பு நிகழ்ச்சியையும் பரப்பியது. 1969-இல் அண்ணா மெரினாவிலும், 1973-இல் பெரியார் சென்னைப் பெரியார் திடலிலும் புதைக்கப்பட்டனர். எம்.ஜி.ஆர் (1987), ஜெயலலிதா (2016) ஆகியோரும் மெரினாவிலேயே புதைக்கப்பட்டனர். ஆனால் 2018-இல் மு. கருணாநிதிக்கு மெரினாவில் இடம் தர அரசு மறுத்தது. மறுநாள் காலை உயர் நீதிமன்றம் அனுமதி வழங்கியது.

ஈழத்தில்

யாழ்ப்பாணச் சைவர் செத்தவீட்டில் திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடிப்பார்கள். 31-ஆம் நாள் அந்தியேட்டி. இறந்தவரின் வரலாற்றையும் இரங்கற்பாக்களையும் கொண்ட ‘கல்வெட்டு’ என்னும் நூல் அப்போது அச்சிட்டு வழங்கப்படும். எரிக்கும் வழக்கம் மேலோங்கிய இச்சமூகத்தில், விடுதலைப் புலிகள் 1990-களின் தொடக்கத்திலிருந்து தம் போராளிகளை மாவீரர் துயிலும் இல்லங்களில் விதைப்பதாகச் சொல்லிப் புதைத்தனர். அவற்றை இலங்கை இராணுவம் இடித்தது. எனினும் ஆண்டுதோறும் நவம்பர் 27-இல் மாவீரர் நினைவாக அங்கே விளக்கேற்றுவது தொடர்கிறது. 2020-இல் கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் இலங்கை அரசு கட்டாயமாக எரித்தது. 2021-இல் அக்கட்டாயம் நீங்கி, மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை அந்தக் கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோரியது.